தரப்பு: வளைகுடா ஒப்பந்தங்களை வாசித்தல்

அண்டை நாடுகள் தமக்குள் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தங்களை நாம் இலக்கியப் பிரதிகளாக வாசிப்பதில்லை. கையொப்பமிட்ட அன்று செய்தியாளர்கள் வாசிக்கிறார்கள், மீறப்பட்ட அன்று வழக்கறிஞர்கள் வாசிக்கிறார்கள். ஆனால் ஒரு பிரதிக்கு உரிய எல்லாமே அவற்றுக்கும் உண்டு. வரைவுகள் உண்டு, திருத்தங்கள் உண்டு, மொழிபெயர்ப்புச் சண்டைகள் உண்டு, உருவகங்கள் உண்டு. யாரை நோக்கிப் பேசுகிறோம், யாரைப் பற்றிப் பேசாமல் விடுகிறோம் என்னும் தேர்வும் உண்டு. ஒரு சிறுகதையில் வீட்டு வேலைக்காரி வாய் திறக்காமலே போனால் அதைக் கேள்வி கேட்கத் தெரிந்த விமர்சகர்கள் நம்மிடம் ஏராளம். அதே கேள்வியை வளைகுடாவின் சமாதானப் பத்திரங்களிடம் கேட்டுப் பார்க்கவே இந்தக் கட்டுரை.

இன்றைய ஐக்கிய அரபு அமீரகம், 1971 டிசம்பர் 2-இல் அந்தப் பெயரைப் பெறுவதற்கு முன்பு, ஆங்கில ஆவணங்களில் ஒரு போர்நிறுத்தத்தின் பெயரால் அழைக்கப்பட்டது. ‘ட்ரூஷியல் ஸ்டேட்ஸ்’ என்றால் போர்நிறுத்த உடன்பாட்டுக்கு உட்பட்ட சிற்றரசுகள். மலையின் பெயராலோ ஆற்றின் பெயராலோ குடியின் பெயராலோ அழைக்கப்படும் நாடுகள் பல. ஒப்பந்தத்தின் பெயரால் அழைக்கப்பட்ட நிலம் இது ஒன்றுதான் என் கண்ணில் பட்டிருக்கிறது.

அதன் மூலப் பிரதி 1820 ஜனவரியில், ராஸ் அல் கைமாவைப் பீரங்கிகளால் தகர்த்த பிறகு எழுதப்பட்டது. பம்பாயிலிருந்து கப்பற்படையோடு வந்த வில்லியம் கிராண்ட் கியர் ஒரு பக்கம், கடற்கரை ஷேக்குகள் மறுபக்கம். கொள்ளையும் கடற்கொள்ளையும் என்றென்றைக்கும் ஒழியும் என்பது முதல் சரத்து. சமாதானத்தில் சேர்ந்த அரபுகள் வெள்ளைக் கரையிட்ட சிவப்புக் கொடி ஏந்த வேண்டும் என்பது இன்னொரு சரத்து. ஷார்ஜாவிலும் ராஸ் அல் கைமாவிலும் இன்றும் அந்தக் கொடியைப் பார்க்கலாம். தோற்றவர்மேல் சுமத்திய அடையாளம் இருநூறு ஆண்டுகளில் மரபுச் சின்னமாகியிருக்கிறது. அரபு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் பெரோனெட் தாம்ப்சன் என்ற இளம் அதிகாரி. முன்பு சியரா லியோனில் ஆளுநராக இருந்தவர், அடிமை வணிகத்தை வெறுத்தவர். ஆப்பிரிக்கக் கரையிலிருந்தோ வேறிடத்திலிருந்தோ மனிதர்களைப் பிடித்துக் கப்பலேற்றுவதும் கடற்கொள்ளையே என்று ஒன்பதாம் சரத்து சொல்வதில் அவர் கை இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் மூலத்துக்குள்ளேயே ஒரு வாக்கியத்தை நுழைத்துவிட்ட அரிய சந்தர்ப்பம் அது. நடைமுறையில் அந்தச் சரத்து நெடுங்காலம் ஏட்டிலேயே கிடந்தது என்பது வேறு கதை.

இந்தப் பிரதிக்கு எதிர்வாசிப்பு எழுதியவர் ஷார்ஜாவின் ஆட்சியாளர் சுல்தான் பின் முஹம்மத் அல் காசிமி. எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்விலிருந்து உருவாகி 1986-இல் வெளிவந்த ‘வளைகுடாவில் அரபுக் கடற்கொள்ளை என்னும் கட்டுக்கதை’ என்ற அவருடைய நூல் பம்பாய் ஆவணக் காப்பகத்தை ஆதாரமாகக் கொண்டது. வணிகத்தைக் கைப்பற்ற விரும்பிய கிழக்கிந்தியக் கம்பெனி, கடலில் நடந்த ஒவ்வொரு சேதத்தையும் காசிமிகளின் தலையில் எழுதி, ‘கடற்கொள்ளையர் கரை’ என்ற பெயரை உண்டாக்கியது என்பது அவர் வாதம். நான் அந்நூலை மதிக்கிறேன். தன் முன்னோரைக் குற்றவாளிகளாக எழுதிய ஆவணத்தை, அதே ஆவணத்தின் சொற்களைக் கொண்டே மறுப்பது எளிதல்ல. வென்றவனின் கோப்புக்குள் நுழைந்து அதை அவனுக்கு எதிராகத் திருப்பத் தெரிந்த வாசகர் அவர்.

ஆனால் அது முழுக்க முழுக்க இரு தரப்பு வழக்கு. கம்பெனி சொன்னது பொய், காசிமிகள் சொன்னது மெய். அந்தப் படகுகளில் துடுப்புப் போட்டவன், முத்துக்குளிக்க மூழ்கியவன், கடனில் கட்டுண்டவன் ஆகியோர் வழக்கில் சாட்சிகளாகக்கூட இல்லை. இத்தனைக்கும் ஒப்பந்தத் தொடரின் அடுத்த கட்டம் அவர்கள் உழைப்பைச் சுற்றியே நகர்கிறது. 1835-இல் எழுதிய கடல் போர்நிறுத்தம் மே மாதத்திலிருந்து நவம்பர் வரை, முத்துக்குளிப்புப் பருவத்துக்கு மட்டுமானது. முத்து எடுக்கும் வரை சண்டை வேண்டாம். பருவம் முடிந்தபின் அவரவர் விருப்பம். அது மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பட்டு, 1853-இல் நிரந்தரமாயிற்று. சமாதானம் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு தொழில் நாட்காட்டி இருந்தது.

இந்த வரிசையில் என்னை அதிகம் நிறுத்திய பிரதி 1879-ஆம் ஆண்டுடையது. யாரும் அதைக் கொண்டாடுவதில்லை. ஓடிப்போகும் கடன்காரர்களை ஒருவருக்கொருவர் திருப்பி ஒப்படைப்பதென்று கடற்கரை ஷேக்குகள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு அது. முத்துக் குளிப்பவன் நகுதாவிடம் முன்பணம் வாங்குவான் (நாகூரிலும் காயல்பட்டினத்திலும் ‘நகுதா’ என்ற சொல்லுக்கு உரை தேவையில்லை). பருவம் முடிந்தும் கடன் தீராது. தீராத கடனோடு அவன் துபாயிலிருந்து ஷார்ஜாவுக்கோ அஜ்மானுக்கோ இரவோடிரவாகப் போய்விடுவான். அங்கே வேறு ஒரு நகுதா, வேறு ஒரு ஷேக். ஆளுக்காள் போட்டி இருந்த வரை ஓடிப்போனவனுக்குப் பேரம் பேச ஓர் இடம் இருந்தது. ஷேக்குகளின் பகை அவனுக்கு வாய்ப்பு. 1879-இல் அந்த வாசலை அடைத்தார்கள். பிரிட்டிஷ் இந்திய அரசு தொகுத்த ஐட்சிசனின் ஒப்பந்தத் தொகுதிகளில், திருவிதாங்கூரோடும் புதுக்கோட்டையோடும் செய்துகொண்ட உடன்படிக்கைகள் இருக்கும் அதே வரிசையில் அதுவும் இருக்கிறது.

அண்டை அரசுகள் தம் பகையை ஒதுக்கிவைத்துச் செய்துகொண்ட தொடக்ககால ஒத்துழைப்புகளில் ஒன்று, வேலையாளைத் தப்பவிடாமல் பார்த்துக்கொள்வது. இதை வாசித்தபோது சவூதியில் நம் ஆட்கள் சாதாரணமாகப் பேசும் ஒரு சொல் காதில் விழுந்தது. “கஃபீல் ஹுரூப் போட்டுட்டான்.” ஹுரூப் என்றால் ஓடிப்போதல். வேலைக்கு வராதவன் என்று முதலாளி பதிந்துவிட்டால் அவன் சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறான். சம்பளம் கேட்டவன்மேலும் போடலாம், உண்மையிலேயே ஓடியவன்மேலும் போடலாம். இன்று முத்து இல்லை, நகுதா இல்லை. சொல்லின் வேலை மட்டும் மாறவில்லை.

இனி உருவகங்களுக்கு வருகிறேன். 1981 மே 25-இல் அபுதாபியில் கூடிய ஆறு நாடுகளின் தலைவர்கள் வளைகுடா ஒத்துழைப்பு மன்றத்தின் சாசனத்தில் கையெழுத்திட்டார்கள். ஈரானில் புரட்சி நடந்து இரண்டு ஆண்டுகள், ஈரான்–ஈராக் போர் தொடங்கி எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. சாசனம் அந்த அச்சத்தைப் பெயர் சொல்லிப் பேசாது. சிறப்பான உறவு, பொதுவான குணங்கள், ஒரே நம்பிக்கை, ஒரே விதி என்று உறவின் மொழியில் பேசும். அதற்குப் பின்வந்த உச்சிமாநாட்டு அறிக்கைகளில் இந்த மொழி இன்னும் கெட்டிப்பட்டது. ஒருவரையொருவர் ‘அஷிக்கா’ என்று அழைக்கிறார்கள். உடன்பிறந்தார், ஒரே வயிற்றில் பிறந்தார் என்று பொருள். சாதாரண நட்பு நாட்டுக்கு இந்தச் சொல் கிடைக்காது.

தமிழில் இதற்கு நேரான சொல்லைத் தேடினால் ‘உடன்பிறப்பு’ வருகிறது. ஆனால் உள்ளதைச் சொல்லும் சொல் ‘பங்காளி’தான். ஒரே கொடிவழி, ஒரே குலதெய்வம், பொது வரப்பு, ஓயாத வழக்கு. பங்கு உள்ளவன் என்பதும் பகைக்கக்கூடியவன் என்பதும் அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. அரபு உச்சிமாநாட்டு மொழி வயிற்றை நினைவில் வைத்துக்கொண்டு வரப்பை மறைக்கிறது. இதன் விளைவு நடைமுறையிலும் தெரியும். சாசனத்தில் தகராறு தீர்க்கும் ஆணையம் ஒன்றுக்கு இடம் உண்டு. நிலையான நீதிமன்றமாக அல்ல, தேவைப்படும்போது உச்ச மன்றம் அமைத்துக்கொள்ள வேண்டியது. 2017-இல் வீட்டுக்குள் இருந்ததிலேயே பெரிய சண்டை வந்தபோது அது கூட்டப்படவில்லை. அண்ணன் தம்பி சண்டைக்குப் பஞ்சாயத்து எதற்கு என்ற மனநிலையை உருவகமே உண்டாக்கிவிட்டது.

பங்காளி வழக்கு ஒன்று வாசலைத் தாண்டித் தி ஹேக் வரை போன கதை இந்தத் தலைப்பில் கிடைக்கும் மிகச் சிறந்த இலக்கணப் பாடம். அதை விரிவாகச் சொல்ல வேண்டும்.

பஹ்ரைனுக்கும் கத்தாருக்கும் ஹவார் தீவுகள், ஜுபாரா, சில மணல் திட்டுகள் ஆகியவற்றின்மேல் பழைய தகராறு. 1986 ஏப்ரலில், ஃபஷ்த் அத் திபல் என்ற திட்டில் பஹ்ரைனுக்காகக் கடலோரக் காவல் நிலையம் கட்டிக்கொண்டிருந்த இடத்தில் கத்தார் படை இறங்கி 29 வெளிநாட்டுத் தொழிலாளர்களைப் பிடித்துக்கொண்டு போனது. அடுத்த மாதம் விட்டுவிட்டார்கள். நீர் வற்றும்போது மட்டும் தலைகாட்டும் அந்தத் திட்டு யாருடையது என்ற கேள்விக்கு அந்த 29 பேரும் எந்த விதத்திலும் பொறுப்பல்ல. சிமெண்ட் குழைத்தார்கள், அவ்வளவுதான். வரலாற்று நூல்களில் அவர்கள் ஓர் எண்ணாக வந்து, அடுத்த வாக்கியத்தில் போய்விடுகிறார்கள்.

1990 டிசம்பரில், குவைத் ஈராக்கின் பிடியில் இருந்த நேரம், தோஹாவில் உச்சிமாநாடு. அங்கே 25-ஆம் தேதி பஹ்ரைன், கத்தார், சவூதி வெளியுறவு அமைச்சர்கள் மூவரும் ஒரு கூட்டக் குறிப்பில் கையெழுத்திட்டார்கள். சவூதி மன்னரின் சமரச முயற்சிக்கு மறு ஆண்டு மே வரை அவகாசம். அதற்குப் பிறகு ‘அத்தரஃபான்’ விஷயத்தைப் பன்னாட்டு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். அவகாசம் முடிந்தது. 1991 ஜூலையில் கத்தார் தனியாகப் போய் வழக்கைப் பதிந்தது. பஹ்ரைன் இரண்டு விஷயம் சொன்னது. முதலாவது, அது கூட்டக் குறிப்புதான், ஒப்பந்தமே அல்ல. இரண்டாவது, ‘அத்தரஃபான்’ என்றால் இரு தரப்பும் சேர்ந்து. கத்தார் தனியாகப் போக முடியாது.

அரபில் ஒருமை, இருமை, பன்மை மூன்றும் உண்டு. ‘தரஃப்’ ஒரு தரப்பு, ‘தரஃபான்’ இரு தரப்பு. நம் ‘தரப்பு’ இந்த அரபுச் சொல்தான், உருது வழியாக வந்தது. கத்தார் தன் மொழிபெயர்ப்பில் ‘தரப்பினர்’ என்று எழுதியது. பஹ்ரைன் ‘இரு தரப்பினர்’ என்று எழுதியது. நீதிபதிகள் முன் இரண்டு ஆங்கிலங்கள், பின்னால் ஓர் அரபு. தமிழில் இருமை எண் கிடையாது என்றாலும் சிக்கல் நமக்கு எளிதில் புரியும். “இருவரும் போகலாம்” என்று ஒரு தகப்பன் சொன்னால் தனித்தனியாகப் போகலாமா, சேர்ந்துதான் போக வேண்டுமா? சொல்லும் குரலைக் கேட்டவனுக்குத் தெரியும். எழுத்தில் மட்டும் பார்ப்பவனுக்குத் தெரியாது. முதல் வரைவில் ‘இரு தரப்பில் ஏதேனும் ஒன்று’ என்ற பொருளில் இருந்ததை பஹ்ரைன் கேட்டு மாற்ற வைத்தது என்பதும் வழக்கில் வெளியே வந்தது. அப்படியானால் திருத்தியவனின் நோக்கம் தெளிவுதானே என்று நமக்குத் தோன்றும். நீதிபதி ஷ்வேபலுக்கும் அப்படித்தான் தோன்றியது. மறுத்துத் தீர்ப்பு எழுதினார். பெரும்பான்மையோ ஆசிரியரின் நோக்கத்தைவிடப் பிரதியின் இயல்பான பொருளே முக்கியம் என்று 1995-இல் முடிவு செய்தது. தனியாகப் போகலாம். தான் கையெழுத்திட்டது வெறும் அரசியல் புரிதலின் பதிவு என்று பஹ்ரைன் அமைச்சர் பிறகு தந்த விளக்கத்தையும் அதற்கு முந்தைய ஆண்டே நீதிமன்றம் ஏற்க மறுத்திருந்தது. ஆசிரியர் என்ன நினைத்து எழுதினார் என்பது வாசிப்பைக் கட்டுப்படுத்தாது என்று நம் சிற்றிதழ்களில் பக்கம் பக்கமாக விவாதித்த காலத்தில், அதே வாதம் ஒரு தீவுக்கூட்டத்தின் உரிமையை நிர்ணயித்துக்கொண்டிருந்தது.

இடையில் கத்தார் தாக்கல் செய்த 82 ஆவணங்கள் போலி என்று பஹ்ரைன் எழுப்பிய புகாரும் வந்தது. கத்தார் அவற்றைச் சார்ந்து வாதிடுவதைக் கைவிட்டது. 2001 மார்ச்சில் இறுதித் தீர்ப்பு. ஹவார் பஹ்ரைனுக்கு, ஜுபாரா கத்தாருக்கு. 29 பேரைப் பிடித்த அந்தத் திட்டும் கத்தாருக்கே போயிற்று. இரு நாடுகளும் ஏற்றுக்கொண்டன. இதை நான் வளைகுடா ராஜதந்திரத்தின் நல்ல நாளாகவே கருதுகிறேன். ஏனென்றால் அங்கே உடன்பிறப்பு உருவகம் விலகி, சொல்லுக்குச் சொல் பொறுப்பேற்கும் வாசிப்பு நடந்தது.

அதற்கு நேர்மாறான பிரதி 2013 நவம்பரின் ரியாத் உடன்பாடு. கையால் எழுதியது, மக்களுக்குக் காட்டாதது. சண்டை முற்றிய பிறகு, 2017 ஜூலையில், சிஎன்என் வெளியிட்டபோதுதான் உலகம் பார்த்தது. அதற்குள் தரைவழி, வான்வழி, கடல்வழி மூன்றும் அடைபட்டிருந்தன. ஜூன் 5 அதிகாலையில் சவூதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து நான்கும் கத்தாரோடு உறவை முறித்தன. இரண்டு நாள் கழித்து, கத்தாருக்கு அனுதாபம் தெரிவித்தால் 3 முதல் 15 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் திர்ஹமுக்குக் குறையாத அபராதம் என்று அமீரகத்தில் அறிவிப்பு வந்தது. அண்ணன் தோஹாவில், தம்பி ஷார்ஜாவில் என்று இருந்த என் குடும்பத்தைப் போன்ற எத்தனையோ குடும்பங்கள் ஒரு மணி நேரப் பயணத்தை மஸ்கட் சுற்றிப் போகக் கற்றுக்கொண்டன. தொலைபேசியில் ஊர் நிலவரம், மாப்பிள்ளை பார்ப்பது, மழை பற்றிப் பேசினோம். இன்னொன்றைப் பற்றிப் பேசவில்லை. சல்வா எல்லையில் சவூதி மேய்ச்சல் நிலங்களிலிருந்து விரட்டப்பட்ட ஆயிரக்கணக்கான கத்தார் ஒட்டகங்களின் படங்கள் உலகெங்கும் வந்தன. ஒட்டகத்தின் பக்கத்தில் நின்ற மேய்ப்பனின் பெயரைப் படக்குறிப்பு கேட்கவில்லை.

கத்தார் மறுபடி தி ஹேக் போனது. இந்த முறை அமீரகத்துக்கு எதிராக, இனப்பாகுபாட்டுக்கு எதிரான பன்னாட்டு உடன்படிக்கையின் கீழ். பிரிந்த குடும்பங்களைச் சேர்த்து வைக்கவும், மாணவர்கள் படிப்பை முடிக்க வழி செய்யவும் 2018 ஜூலையில் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு தந்தது. எட்டுக்கு ஏழு என்ற நூலிழைப் பெரும்பான்மை. பிறகு 2021 பிப்ரவரி 4-இல் பதினொன்றுக்கு ஆறு என்ற கணக்கில், இந்த வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றது. காரணம் மறுபடியும் ஒரு சொல். உடன்படிக்கை ‘தேசிய மூலம்’ காரணமான பாகுபாட்டைத் தடுக்கிறது. இப்போதைய குடியுரிமை காரணமான பாகுபாடு அதில் அடங்காது. மூலம் பிறப்போடு வருவது, குடியுரிமையோ ஓர் அரசு தன் விருப்பப்படி தருவது, வாழ்நாளில் மாறக்கூடியது என்று நீதிமன்றம் விளக்கியது.

இந்த இதழைப் படிப்பவர்களில் பலர் அந்த வாக்கியத்தின்மேல் சற்று நேரம் நிற்க வேண்டும். கனடாவிலோ நார்வேயிலோ இருந்து படிப்பவருக்கு அது சரியாகவே படும். குடியுரிமை மாறியது, மூலம் மாறவில்லை. அபுதாபியில் பிறந்து, அபுதாபியிலேயே படித்து, அப்பாவின் விசாவிலிருந்து கம்பெனி விசாவுக்கு மாறிய பெண்ணுக்கு அது எப்படிப் படும்? மாறக்கூடியது என்று நீதிமன்றம் சொல்வது அவளுக்கு மாறுவதில்லை. மாறாதது என்று அது சொல்லும் மூலமோ, கோடை விடுமுறையில் மூன்று வாரம் பார்த்த ஓர் ஊர். அமீரகத்தில் வாழும் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் குடிமக்கள் அல்லர். கத்தார் குடிமக்களுக்காகக் கத்தார் வழக்குப் போட்டது. தோற்றாலும், போட ஒரு நாடு இருந்தது. அந்தத் தீர்ப்பின் நிழல் மற்றவர்கள்மேலும் விழுகிறது, அவர்கள் வழக்கில் எந்தத் தரப்பாகவும் இல்லாமலே.

தீர்ப்புக்கு ஒரு மாதம் முன்பே, ஜனவரி 5-இல், அல் உலாவில் சமரசம் முடிந்துவிட்டது. மாநாடு நடந்த அரங்கின் பெயர் மராயா. கண்ணாடிகள் என்று பொருள். வெளிச்சுவர் முழுக்கக் கண்ணாடி, பாலைவனத்தையே திருப்பிக் காட்டும். விமானத்திலிருந்து இறங்கிய கத்தார் அமீரைச் சவூதி இளவரசர் தழுவிக்கொண்டார். அன்று வெளியான பிரகடனம் பெருந்தொற்று, பொருளாதார ஒருங்கிணைப்பு, கூட்டு வெளியுறவு என்று நீள்கிறது. எதற்காகச் சண்டை, யாருக்கு எவ்வளவு சேதம், மூன்றரை ஆண்டு பிரிந்திருந்தவர்களுக்கு என்ன பதில் என்ற கேள்விகளுக்கு அதில் இடமில்லை. பங்காளிகள் கூடிவிட்டால் பழசைக் கிளறக் கூடாது என்பது நம் ஊர் வழக்கும்தான். எல்லை திறந்ததில் எனக்கு மகிழ்ச்சி. என் அண்ணன் நேராக வந்தார். பிரதி என்ற அளவில் அது அரங்கின் சுவரைப் போன்றதுதான். எதிரே நிற்பவரைத் தவிர வேறு எதையும் காட்டாது.

ஆபிரகாம் உடன்படிக்கையைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் இரண்டே விஷயம் சொல்கிறேன். 2020 செப்டம்பர் 15-இல் அமீரகமும் இஸ்ரேலும் கையெழுத்திட்ட அந்தப் பத்திரத்தின் தலைப்பிலேயே சமாதான ஒப்பந்தம் என்று இருக்கிறது. இருவரும் ஒருபோதும் நேரடியாகப் போரிட்டதில்லை. போரில் இருந்தவர்கள் பாலஸ்தீனர்கள், அவர்கள் கையெழுத்திடவில்லை. உறவு உருவகம் இங்கே உடன்பிறப்பிலிருந்து பொதுப் பாட்டனுக்கு ஏறிவிட்டது என்பது முதல் விஷயம். இரண்டாவது: ஹீப்ரு, அரபு, ஆங்கிலம் மூன்றிலும் பிரதி உண்டு, பொருள் மாறுபட்டால் ஆங்கிலமே செல்லும். ‘அத்தரஃபான்’ போன்ற ஒரு வழக்கு இனி அந்தப் பிரதியில் வர முடியாது. யாரோ முன்னெச்சரிக்கையாக இலக்கணத்தைப் பூட்டிவிட்டார்கள்.

ஒப்பந்தங்கள் விட்டதைப் புனைகதை எடுத்துக்கொண்டதா என்பது அடுத்த கேள்வி. ஓரளவு. பென்யாமினின் ‘ஆடு ஜீவிதம்’ (மலையாளத்தில் 2008, தமிழிலும் கிடைக்கிறது) நாவலில் என்னை இன்றும் உலுக்குவது பாலைவனம் அல்ல, கடைசிப் பகுதியின் சிறை. ஓடிப்போனவர்களை வரிசையாக நிறுத்தி, முதலாளிகள் வந்து தங்கள் ஆளை அடையாளம் காட்டி இழுத்துப்போகும் அணிவகுப்பு. நஜீபின் அர்பாப் வருகிறான், பார்க்கிறான், இவன் என் விசாவில் வந்தவன் அல்ல என்பதால் விட்டுப் போகிறான். 1879-ஆம் ஆண்டின் உடன்பாட்டை வாசித்துவிட்டு அந்த அத்தியாயத்துக்குத் திரும்பினால் நாவல் இன்னொரு நூற்றாண்டைப் பின்னால் இழுத்துக்கொண்டு நிற்கிறது. சவூத் அல்சனூசியின் ‘மூங்கில் தண்டு’, 2013-இல் அரபுப் புனைகதைக்கான பன்னாட்டுப் பரிசு பெற்றது, குவைத் தந்தைக்கும் பிலிப்பினோப் பணிப்பெண்ணுக்கும் பிறந்தவனைக் கதைசொல்லியாக்குகிறது. நீதிமன்றம் பிரித்துவைத்த மூலமும் குடியுரிமையும் அவன் ஒரே உடம்பில் மோதுகின்றன. குடிமகன் ஒருவர் எழுதிய நாவல் அது என்பது அதன் பலம். அபுதாபியில் வளர்ந்த தீபக் உன்னிகிருஷ்ணனின் ‘டெம்பரரி பீப்பிள்’ (2017) எதார்த்தத்தைக் கைவிட்டு, தொழிலாளியை முளைக்க வைக்கிறது, உருமாற்றுகிறது, மொழியையே உடைக்கிறது.

தமிழில்? மீரான் மைதீனின் ‘அஜ்னபி’ அந்நியன் என்ற அரபுச் சொல்லையே தலைப்பாக்கியது. ஆபிதீனின் சிறுகதைகளில் நாகூரும் துபாயும் ஒரே மூச்சில் கிண்டலடிக்கப்படுகின்றன; அந்தக் கிண்டல் வேறு எந்த வளைகுடா எழுத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் நான் படித்த தமிழ் வளைகுடாக் கதைகளில் பெரும்பாலானவை ஊருக்கும் அறைக்கும் இடையே கட்டிய ஒரு கயிற்றில் நடக்கின்றன. ஒரு முனையில் மனைவியின் கடிதம், இப்போது வாட்ஸ்அப் குரல்; மறுமுனையில் மூட்டைப்பூச்சிக் கட்டில். அங்கேயும் இரண்டே தரப்பு. அறைக்கு வெளியே ஆறு நாடுகள் ஒன்றோடொன்று உறவாடியும் முறுக்கிக்கொண்டும் இருப்பதும், அந்த முறுக்கில் நம் விசாவும் விமானமும் வாயும் அடைபடுவதும் கதைக்குள் வருவதில்லை. 2017 பற்றி ஒரு நல்ல தமிழ்ச் சிறுகதை ஏன் என் கைக்கு வரவில்லை என்று யோசித்திருக்கிறேன். அபராதத் தொகை நினைவில் இருந்தது என்பது ஒரு பதில். அது முழுப் பதில் அல்ல.

ஏனென்றால் ஒப்பந்தம் என்றால் என்னவென்று அனுபவத்தில் அறிந்தவர்கள் நாம். 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்பாடு மலையகத்தின் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டது: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மீதி 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம். பத்தாண்டு கழித்து அந்த மீதியைச் சரிபாதியாகப் பிரித்தார்கள். அண்டை நாடுகளின் நல்லுறவுக்கு எடுத்துக்காட்டாக அதைப் பேசியவர்களும் உண்டு. தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்த எவரையும் யாரும் கேட்கவில்லை.

நம்மிடம் இதைவிட நல்ல முன்மாதிரி இருந்திருக்கிறது. சோழப் பங்காளிகள் நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் உறையூரில் முற்றுகையிட்டு நின்றபோது கோவூர் கிழார் இருவரிடமும் பாடிய பாட்டைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம் (புறநானூறு 45). எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்ற அந்த வாதம் ‘அஷிக்கா’ மொழிக்கு உறவுக்காரன். அழகானது, ஆனால் பார்வை குடும்பத்துக்குள்ளேயே நிற்கிறது. இரண்டு பாட்டுத் தள்ளி இருப்பதை நாம் குறைவாகவே பேசுகிறோம். இளந்தத்தன் என்ற புலவன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வருகிறான். அந்தப் பக்கத்திலிருந்து வந்தவன், ஆகவே ஒற்றன் என்று நெடுங்கிள்ளி கொல்லப் பார்க்கிறான். கோவூர் கிழார் குறுக்கே போய், இவன் யார், என்ன தொழில், எதற்காக ஊர் ஊராக நெடுந்தூரம் நடக்கிறான், கிடைத்ததை எப்படிச் சுற்றத்துக்குக் கொடுத்து உண்கிறான் என்று பாடிக் காப்பாற்றுகிறார். இரு அரசர்களின் பெயரும் இரு அரசர்களின் பகையும் தெரிந்திருந்தும், பாட்டு இடையில் அகப்பட்டவனின் பிழைப்பை விவரிக்கிறது. தூது பற்றிய நம் இலக்கியத்தில் மூன்றாம் தரப்பு பேசுபொருளான இடம் அது.

இப்போது ஆறு நாடுகளுக்கும் பொதுவான ஒரு சுற்றுலா விசாவுக்கு 2023-இல் ஒப்புதல் ஆகியிருக்கிறது. குடிமக்கள் பல ஆண்டுகளாக அடையாள அட்டையைக் காட்டியே எல்லை கடக்கிறார்கள். இங்கே குடியிருப்பவர்களுக்கு வளைகுடா நாடுகள் பக்கத்து நாட்டு விசா கொடுக்கும்போது தொழில் பட்டியல் ஒன்றை வைத்திருப்பதுண்டு. பொறியாளர், கணக்காளர், மேலாளர் இருப்பார்கள், மேஸ்திரியும் ஓட்டுநரும் இருக்கமாட்டார்கள். அந்தப் பட்டியலும் ஒரு பிரதிதான், வாசிக்கத் தக்கது.

அமீரகத்துப் பள்ளிகளில் படித்த இரண்டாம் தலைமுறையினர் அரபைக் கட்டாயப் பாடமாகப் படித்தவர்கள். மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்ததாகச் சொல்வார்கள். 1879-ஆம் ஆண்டின் அந்தச் சிறிய உடன்பாட்டை அவர்களில் ஒருவர் தமிழாக்கித் தந்தால் இந்த இதழில் அச்சிடலாம் என்று ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். சரி என்றிருக்கிறார். ஒரு பக்கத்துக்கு மேல் வராது. ஓடிப்போனவனுக்கு அதில் என்ன சொல் இருக்கிறது என்பதை மட்டும் மாற்றாமல், அரபில் உள்ளபடியே வைத்து அனுப்புங்கள்.